சட்டுன்னு தொறக்குற சதுரம்

ரெக்ஸியத் தேடியா வந்தீய? சங்கத்து ரூம் சாவி அவகிட்டதான் இருக்கு. அவ ரெண்டாம் பூசைக்குப் போயிருக்கா. சாமியார் பிரசங்கத்த எப்ப முடிப்பாருன்னு சாமியாருக்கே தெரியாது. உக்காருங்க. ஏ, அந்தப் பெட்டியில வேண்டாம் சார், அதுல நேத்து சாள மீன் கெடந்துச்சு. உங்க பேண்ட்டு பஸ்ஸுல போவும்போது ஊருக்கே சொல்லிக் குடுத்துரும். இந்தா, இந்த ஐஸ் பெட்டி மேல உக்காருங்க.

நான் ஏன் பூசைக்குப் போவலன்னு பாக்கீயளா? நானும் எம் பொண்டாட்டியும் மொதப் பூசைக்கே போயிட்டு வந்துட்டோம். அவ வீட்ல கறி வைக்கா. ஞாயித்துக்கிழம ஒரு வள்ளமும் கடலுக்குப் போவாது, நான் இங்க உக்காந்து வர்றவன் போறவன வம்புக்கு இழுப்பேன். இன்னைக்கு நீங்க மாட்டிக்கிட்டீய.

மேலத்துறை சங்கத்துல இருந்து வாரீய, கம்ப்யூட்டரு சாரு. எங்க சிலுவைத்துறை சங்கத்துல மேப் சர்வர எப்படி வச்சிருக்கோம்னு கேட்டு, அதே மாதிரி உங்க ஊர்லயும் வைக்கணும். சரிதான? நோட்டு வேற கொண்டாந்திருக்கீய. ரெக்ஸி சொன்னா உங்களுக்கு வெளங்கும், ஆனா நடந்தது தெரியாது. நான் சொன்னா நடந்தது தெரியும், வெளங்குறது உங்க பாடு. எம் பேரு சந்தியாகு. நான் படிச்சது நாலாங்கிளாஸ். அதையும் ரெண்டு தடவ படிச்சேன், அப்ப எட்டாங்கிளாஸ்னு எழுதிக்கிடுங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்ன கச்சான் காத்து அடிக்கும்போது எம் மச்சான் தொபியாஸு, எம் பொண்டாட்டி கித்தேரியோட அண்ணன், எஞ்சின் நின்னுபோயி ரெண்டு நாளு கடல்ல மெதந்தான். ஊரே வள்ளத்த எடுத்துட்டுத் தேடப் போச்சு. எங்க போயித் தேட? எவன் எங்க போறான்னு எவனுக்கும் தெரியாது. ஏன் தெரியாதுன்னு கேளுங்க. நீங்க மிஷினு பாக்குற ஆளு, கடல் தெரியாதுல்லா. கடலுக்கடியில பாறைத்திட்டு கெடக்கும், நாங்க பாருன்னு சொல்லுவோம். மீனு அங்கதான் நிக்கும். அந்த எடத்த ஜிபிஎஸ்ல பாயிண்ட் அடிச்சு வச்சுக்குவோம். அந்தப் பாயிண்ட எவனும் எவனுக்கும் சொல்ல மாட்டான். எங்கப்பன் எனக்குச் சொல்லல, நான் அவரு பின்னாலயே போயிக் கண்டுபிடிச்சேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட எல்லாக் கழுதையையும் சொல்லுவோம், பாயிண்ட மட்டும் சொல்ல மாட்டோம். சாமியாரோட தம்பியும் வள்ளம் வச்சிருக்கான்.

தொபியாஸ ஒரு விசைப்படகுக்காரன் பாத்து இழுத்துட்டு வந்தான். கரையில எறக்குனோம். நாக்கு ஒட்டிக் கெடக்கு, பேச்சு வரல. எங்க வச்சு எஞ்சின் நின்னுச்சுன்னு கேட்டோம். அந்த நெலமையிலயும் கைய மேற்கால காட்டுனான் சார். அவன் போனது கெழக்கால.

அதுக்கப்புறந்தான் சங்கச் செயலாளர் அந்திரேயா அண்ணன் கூட்டம் போட்டாரு. ஒவ்வொரு வள்ளமும் வழக்கமாப் போற பாயிண்ட சங்கத்துல பதியணும். சங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு கடல் படம் இருக்கும். வீட்ல இருக்கவுக போன்ல பாஸ்வேர்டு போட்டுத் தொறந்தா அவுகவுக வள்ளத்துப் பாயிண்டு மட்டும் செவப்புப் பொட்டா தெரியும், அடுத்த வள்ளத்துது தெரியாது. பாஸ்வேர்டு போடலன்னா பொட்டில்லாத வெறுங் கடல்தான். ஒருத்தன் வரலன்னா மட்டும் சங்கம் அவன் பாயிண்ட எடுத்துப் பாத்துத் தேடப் போவும். அதச் செய்யதுக்கு ஆளும் வீட்லயே இருந்துச்சு. ரெக்ஸி, அண்ணனோட மருமவ, நாகர்கோவில்காரி. கம்ப்யூட்டர்ல என்னமோ பெரிய படிப்பு.

ரெக்ஸி போர்டுல மூணு வழி எழுதுனா. மிஷினு லினக்ஸுல ஓடும்னா. அது என்னன்னு கேட்டோம், ஒரு பென்குயின் படத்தக் காட்டுனா. அது மீனு திங்கிற பறவைன்னு டிவியில பாத்திருக்கேன். நம்ம ஆளுதான்னு நான் ஒடனே கையத் தூக்கிட்டேன். அதுக்கு ஓட்டெடுப்பே கெடையாதாம்.

மொத வழி, வெளியூர்க்காரன் மிஷின வாடகைக்கு எடுத்து அதுல படத்த வைக்கது. அதுக்கு அவள நாங்க வாயத் தொறக்க விடல. பெத்த மவனுக்குச் சொல்லாத பாயிண்ட எவனோ ஊரு பேரு தெரியாதவன் மிஷின்ல வைக்கவா? ரெண்டாவது வழி, நம்ம சங்கத்து ரூம்ல சொந்த மிஷினு, அதுல நேரா ஏத்தி முப்பத்தோரு வள்ளத்துக்கும் பொதுவா ஒண்ணு. மூணாவது வழி, அதே மிஷின்ல ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனித்தனியா கன்டெய்னர். தூத்துக்குடி ரோட்டுல போவுதே, அது இல்லயாம். ஒரு மிஷினுக்குள்ளயே மறைப்பு வச்சுப் பிரிக்கதாம்.

என்ன வித்தியாசம்னு கேட்டேன். அந்தப் புள்ள அழகாச் சொன்னா சார். படம் மொத்தமா வராது மாமா, சதுரஞ் சதுரமா வரும். நீங்க கேட்டாதான் மிஷினு அந்தச் சதுரத்த வரையும், நேரம் எடுக்கும். வரைஞ்சத ஒரு அலமாரியில வச்சுக்கிடும். அடுத்தாப்புல கேட்டா வரையாது, எடுத்து நீட்டிரும்.

நான் சொன்னேன், பரோட்டாக் கடை மாதிரி, மொத ஆளு வந்தாதான் கல்லு சூடாவும், பொறவு வர்றவனுக்கு ஆறதுக்குள்ள எலையில விழுந்துரும். அதேதான் மாமான்னா. பொதுவா வச்சா ஒரே அலமாரி, ஒருத்தருக்குப் போட்டது எல்லாருக்கும் சட்டுன்னு வரும். தனித்தனியா வச்சா ஆளுக்கொரு அலமாரி, அவனவன் காத்துக் கெடக்கணும்.

தொபியாஸு எந்திச்சு, தனித்தனியா இருக்கட்டும், ஒருத்தர் சோலி ஒருத்தருக்குத் தெரியப்படாதுன்னான். அவன் வாயில இருந்து ஒரு சொல்லு வந்தா நான் அதுக்கு எதிரா நிக்கணும், அது எங்க கல்யாணத்துல இருந்தே உள்ள பழக்கம். நானும் எந்திச்சேன். ஒரே மாதா, ஒரே கடல், ஒரே அலமாரின்னு பேசுனேன் பாருங்க. கிழவியெல்லாம் கண்ணத் தொடைச்சாவ. ரெக்ஸியும் மிஷினு பழசு, கோயில் ஆபீசுல கழிச்சுப் போட்டது, ஆறு கன்டெய்னருக்கு மேல மூச்சு முட்டும்னு சொல்லிட்டா. அப்பிடி ரெண்டாவது வழி செயிச்சுது. ஒண்ணு மட்டும், அலமாரி சின்னது, அதனால சனிக்கிழம சனிக்கிழம சாயங்காலம் அத மொத்தமாத் தொடைச்சுருவேன்னா. தொடைச்சுக்கோம்மா, எங்களுக்கென்னன்னோம்.

அடுத்த நாளு பாயிண்டு பதிவு. வரிசையில நின்னோம். ஒருத்தனும் மூஞ்சக் குடுக்கல, எல்லாரும் காலப் பாத்துட்டு நிக்கான். எனக்கு அப்பவே சந்தேகம். எம் மொற வந்துச்சு. டிகிரி எல்லாம் எங்க கடலுக்கு ஒண்ணுதான், கடைசி நம்பர்தான் வேற வேற. வடக்குக்கு எம் பைக்கு நம்பரச் சொன்னேன். கெழக்குக்கு ரேசன் கார்டுல கடைசி நாலு நம்பரு. அது கடல்ல விழுந்துச்சே, மாதா புண்ணியம். சந்தைக்குள்ள விழுந்திருந்தா என்ன செய்வேன்?

பொய்யின்னு சொல்லாதீங்க. எம் பாரு அது. இருபத்திரெண்டு வருசமா அதுல கலவாயும் விளமீனும் எடுத்துதான் ரெண்டு பொட்டப் புள்ளையக் கட்டிக் குடுத்தேன். அதப் போயி ஒரு கழிச்சுப் போட்ட மிஷின்ட்ட சொல்லுவாங்களா? வீட்ல வந்து கித்தேரி போன்லயும் படத்தப் போட்டுக் குடுத்தேன். இந்தா, இந்தப் பொட்டுலதான் நான் இருப்பேன்னேன். அவ பாத்தா, சரின்னா. அவ்வளவுதான் பேச்சு.

இனிமேதான் கதையே.

ஒரு புதன்கெழம காத்து சரியில்லன்னு கரையில சும்மா கெடந்தேன். பாஸ்வேர்டு போடாம போன்ல கடல் படத்தத் தடவிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு சதுரத்தத் தொடுதேன், ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடிச்சாதான் வருது. அடுத்ததும் அப்பிடித்தான். திடீர்னு ஒண்ணு, தொடதுக்குள்ள தொறந்துருச்சு. அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் வெள்ளையாக் கெடக்கு, நடுவுல ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு நிக்கி. பரோட்டாக் கடையில கல்லு சூடா இருந்தா என்ன அர்த்தம்? நமக்கு முன்ன எவனோ தின்னுட்டுப் போயிருக்கான். கடலுக்கு நடுவுல அந்த ஒரு சதுரத்த மட்டும் எவன் போட்டுப் போட்டுப் பாப்பான்? அங்க சோலி உள்ளவன்தான் பாப்பான்.

மறுநாளு விடியக்காலம் அங்க போனேன். தொபியாஸு வள்ளம் நங்கூரம் போட்டு நிக்கி. கெழக்கால. பதிஞ்சது பொய், ஆனா மறந்துரக் கூடாதுன்னு தெனமும் நெசமான எடத்த எடுத்துப் பாத்திருக்கான் பாவி. நான் பாக்காத மாதிரித் திரும்பிட்டு, அதுக்கடுத்த நாளு அவனுக்கு முன்ன போயிட்டேன். கலவாய் சார், ஒவ்வொண்ணும் கைக்கொழந்தை மாதிரி.

ரெண்டு மாசம். சனிக்கிழம ரெக்ஸி அலமாரியத் தொடைப்பா, திங்கக்கிழம காலையில நான் கடலத் தடவிப் பாப்பேன். எது சட்டுன்னு தொறக்கோ அங்க பாரு இருக்கு. அஞ்சு பேரு பாரக் கண்டுபிடிச்சேன். திருடுனேன்னு எழுதாதீங்க. சதுரம் தொறந்து கெடந்துச்சு, நான் உள்ள போனேன். எம் பார மட்டும் நான் போன்ல தொட்டதே கெடையாது. அது மண்டைக்குள்ள இருக்கு. அங்க எப்பவும் கல்லு ஆறிப்போயித்தான் கெடக்கும்.

இதுல ஒரு சதுரம் மட்டும் எனக்குப் பிடிபடல. தென்கெழக்கால, கொஞ்சம் தூரம். திங்கக்கிழம எத்தன மணிக்குத் தொட்டாலும் சட்டுன்னு தொறக்கும். மத்தவன் பாரெல்லாம் ஒரு வாரம் சூடா இருக்கும், ஒரு வாரம் ஆறிக் கெடக்கும். இது ஒரு வாரமும் ஆறல. ஆனா அந்தப் பக்கம் ஒரு வள்ளம் போயி நான் பாத்ததில்ல. சரி, எவனோ பெரிய பொதையல வச்சுக்கிட்டு ஊர ஏமாத்துதான்னு முடிவு பண்ணிட்டேன்.

போனேன். தூண்டிலப் போட்டேன். மணலு. சுத்தி வந்து போட்டேன். மணலு. ரெண்டாம் நாளும் போனேன், ஒரே ஒரு பேத்தை மீனு வந்து வயித்த ஊதிக் காட்டிட்டுப் போச்சு. மூணாம் நாளும் போனேன் சார், எனக்கு ரோசம். மூணு நாளும் வெறுங்கையோட வீட்டுக்கு வாரேன். கித்தேரி ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. சோத்தப் போட்டுட்டுத் திரும்பி நின்னா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. புருசன் வெறுங்கையா வந்தா சிரிக்கவள எங்கயாது பாத்திருக்கீயளா?

நாலாம் நாளு பாதிவழியிலயே வள்ளத்தத் திருப்பிட்டேன். நேரா ரெக்ஸிகிட்ட போனேன், ஈரக் கைலியோட. ஏம்மா, மிஷினு யாரு எதப் பாக்கான்னு எழுதி வைக்குமான்னு கேட்டேன். வைக்கும் மாமா, ஆனா அடுத்தவுகளுதச் சொல்ல மாட்டேன்னா. அந்தச் சதுரத்தக் காட்டுனேன். கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பாத்தா. அந்தப் புள்ள மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு.

“மாமா, இது உங்க வள்ளத்துப் பாஸ்வேர்டுதான். தெனமும் காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிக்குது. நீங்க கரைக்கு வந்ததும் நின்னுருது.”

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. எம் பாஸ்வேர்ட எவனோ திருடியிருக்கான். எவன்? தொபியாஸுதான். அவன் தங்கச்சி எம் வீட்லதான இருக்கா, வரப்போவ இருந்து எடுத்துட்டான். பாருங்க சார், அடுத்தவன் பாருல ரெண்டு மாசம் மீனு பிடிச்சவன் பேசுதேன், திருட்டுப் பயன்னு. பாஸ்வேர்டு எழுதுன துண்டுச்சீட்டு இருக்கான்னு பாக்க வீட்டுக்குப் போனேன்.

நான் கடல்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா கித்தேரி. அடுக்களையில அரிசி டிரம்முல போனச் சாச்சு வச்சிருக்கா. அவ உள்ளி உரிச்சுக்கிட்டிருக்கா. ஒரு உள்ளி உரிக்கா, நிமிந்து போனப் பாக்கா. அடுத்த உள்ளி. மறுபடி பாக்கா. போன் அணைஞ்சா வெரலால தொட்டு எழுப்புதா. நான் வாசல்லயே நின்னுட்டேன். அந்த நெறம், அந்தச் சதுரம், நடுவுல செவப்புப் பொட்டு. பைக்கு நம்பரு. ரேசன் கார்டு நம்பரு. நான் மறந்தே போனேன் சார்.

“என்னட்டி பாக்க?”ன்னு கேட்டேன்.

அவ பதறல. “உங்களத்தான்”ன்னா. பொறவு என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, போனக் கவுத்தி வச்சா.

இந்தா, இத மட்டும் எழுதிக்கிடுங்க. ஒன்றர வருசமா அவ பாத்துக்கிட்டிருந்த எடத்துல நான் இருந்தது அந்த மூணே மூணு நாளுதான். அந்த மூணு நாளும் ஒரு மீனு கெடைக்கல.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் சரிதான்.

அன்னைக்குச் சாயங்காலம் ரெக்ஸிட்ட போயி, நம்பரு தப்பா எழுதிட்ட போலம்மா, சரியா எழுதுன்னு சொல்லி, எம் பாரோட பாயிண்டக் குடுத்தேன். வாயில இருந்து அந்த நம்பரு வரதுக்குள்ள எனக்கு வேர்த்துட்டு. அவ எழுதல. பேனாவ வச்சுக்கிட்டு யோசிக்கா.

“மாமா, கித்தேரி அத்த தெனமும் பாத்தா அந்தச் சதுரம் சட்டுன்னு தொறக்கும். உங்களுக்கு மட்டுந்தான் அந்த வித்த தெரியும்னு நெனைக்கீயளா?”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அதுவரைக்கும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன். அந்தப் புள்ளயே வழியும் சொன்னா. உங்க வள்ளத்துக்கு மட்டும் ஒரு கன்டெய்னர் போடுதேன், தனி அலமாரி, அத்த பாக்கது வெளிய தெரியாது. ஒண்ண மிஷினு தாங்கும். ஆனா கமிட்டியில தீர்மானம் எழுதணும், காரணம் எழுதணும்னா. என்ன காரணம் எழுத? ஒரே மாதா, ஒரே அலமாரின்னு கிழவியள அழ வச்சவன், இப்ப பொண்டாட்டி என்னப் பாக்கா, அது ஊருக்குத் தெரியப்படாது, எனக்குத் தனியா ஒண்ணு வேணும்னா? தொபியாஸு என்னப் படம் போட்டுச் சட்டையில அடிச்சிருப்பான்.

இன்னொண்ணும் இருக்கு. பேசாம பழைய பொய்யவே விட்டுருக்கலாம். பாரு பத்திரமா இருக்கும், அவளும் பொட்டப் பாத்துக்கிட்டு உள்ளி உரிப்பா. அதையும் யோசிச்சேன். ரெக்ஸி மேசைக்கு முன்னால நின்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அன்னைக்குத் தொபியாஸ எறக்கும்போது கித்தேரி கரையில நின்ன நெலமை ஞாபகம் வந்துச்சு... அத விடுங்க. எழுதும்மா, பொதுவுலயே இருக்கட்டும்னுட்டேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. மிஷினு பழசு. அதுக்குப் பாரம் ஏத்தப்படாதுன்னுதான்.

பதினோரு நாளு தாங்குச்சு. பன்னெண்டாம் நாளு காலையில நான் போறேன், எம் பாருல ஒரு வள்ளம் நிக்கி. யாரு? வேற யாரு.

“மச்சான், இது உம்ம எடமா?”ன்னு கேக்கான், ஒண்ணும் தெரியாதவன் மாதிரி.

“சே, சும்மா இப்பிடி வந்தேன்.”

“நானும் சும்மாதான்”ன்னான்.

ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூண்டிலப் போட்டுட்டு உக்காந்தோம். பொறவு அவனே, எம் பாருல பெரிய கலவாய் எல்லாம் காணாமப் போச்சு மச்சான், உமக்கு ஏதாவது தெரியுமான்னான். கடல் வெப்பமாகிட்டு வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானேன்னு சொன்னேன். ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனான். இப்ப மொத்தம் நாலு வள்ளம் அங்க வருது. எனக்குப் பாதிகூடக் கெடைக்கல. ஆனா போன மாசம் எஞ்சின் மக்கர் பண்ணும்போது கையத் தூக்குனேன், மூணு வள்ளம் வந்துச்சு. கட்டி இழுத்துட்டு வந்தானுவ, வழி முழுக்க என்னக் கேலி பண்ணிக்கிட்டே. அதுல தொபியாஸுதான் ரொம்ப.

கித்தேரிகிட்ட நான் ஒண்ணுஞ் சொல்லல. ரெக்ஸி படத்த என்னமோ சரி பண்ணிருக்கா, பொட்டு கொஞ்சம் நகந்திருக்கும்னு மட்டும் சொன்னேன். அன்னைக்கு ரெண்டு கலவாய் கொண்டு போயிருந்தேன். அவ மீன அரிவாமனையில வச்சு செதிள் எடுத்துக்கிட்டே, “இப்பதான் மீனும் படமும் ஒத்துப்போவுது”ன்னா. என்னட்டின்னேன். ஒண்ணுமில்ல, கலவாய் மணல்ல நிக்காதுன்னு எங்கப்பா சொல்லுவாருன்னா. நான் கையக் கழுவிட்டு வெளிய வந்துட்டேன். பாவம், அவளுக்கு இதெல்லாம் ஒண்ணுந் தெரியாது. போன்ல பொட்டு இருந்தா போதும், நம்பிருவா.

அதனால நீங்க பொதுவா வைக்கணுமா, தனித்தனியா வைக்கணுமான்னு கேட்டா, நான் என்ன சொல்ல? ரகசியம் வேணும்னா தனித்தனியா வைங்க, நல்ல மிஷினா வாங்குங்க. எவனாவது வரலன்னா தேடிப் போறதுக்குத்தான்னா, ஒரே அலமாரி போதும். ஆனா பாயிண்டு பதியும்போது எவன் காலப் பாத்துட்டு நிக்கான்னு பாத்துக்கிடுங்க. அவன் பைக்கு நம்பரக் குறிச்சு வச்சுக்கிடுங்க.

இல்ல இல்ல, நான் ஏத்திச் சொல்லல. உங்க போனக் குடுங்க, காட்டுதேன். உங்க போன்ல எங்க படம் இதுவரைக்கும் தொறந்ததே இல்லல்லா? அப்ப சரி, எல்லாம் புதுசு. சங்கத்து வைஃபை பாஸ்வேர்டு அந்தச் செவுத்துல எழுதிருக்கு. ஆங், தொறந்துட்டு. நேத்து சனிக்கிழம, சாயங்காலந்தான் ரெக்ஸி அலமாரியத் தொடைச்சா. இன்னைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போவல. அப்ப ஒரு சதுரமும் சூடா இருக்கக் கூடாது. இந்தா, தொபியாஸு பாரு. அருள் நிறைந்த மரியே, வாழ்க... வருதா? வரல. பாத்துக்கிடுங்க. இது சாமியார் தம்பி பாரு. இதுவும் வரல. இப்ப எம் பாரத் தொடுதேன் பாருங்க.

அட.

தொடதுக்குள்ள தொறந்துட்டு.

இவ என்ன சார் இப்பிடி. நான் இங்க கரையில, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல குத்தவச்சு வாய் கிழியப் பேசிக்கிட்டிருக்கேன். இவ அடுப்புல கறிய வச்சுக்கிட்டு அங்க யாரத் தேடுதா?

சரி, குடுங்க, அணைச்சுருதேன். எடத்தப் பாத்துட்டீயளா? மறந்துருங்க. உங்க மேலத்துறைக்காரனுவகிட்ட சொல்லிராதீங்க. அந்தா ரெக்ஸி வந்துட்டா, நீங்க போயி அவகிட்ட எழுதிக்கிடுங்க. நான் வீட்டுக்குப் போறேன். கறி அடி பிடிச்சுரும்.